பின்னணி என்று சொல்லிப் பின்னே தள்ளாதீர்!

நம்மிடையே ஒரு தீர்ப்பு நெடுநாளாக நிலைத்திருக்கிறது. திரைப்பட இசை என்றால் பாட்டு. பாட்டு முடிந்தபின் காட்சிக்கு அடியில் ஒலிப்பது வெறும் ஓசை என்பதே அத்தீர்ப்பு. இதை எழுதிய நீதிபதி யாரோ அறியோம். மேல்முறையீடு செய்தவர்களோ மிகச் சிலர். பாட்டை எழுதியவருக்குப் பெயர் உண்டு. பாடியவருக்குப் புகழ் உண்டு. பாட்டுக்கு இசைத்தட்டு உண்டு, பாட்டுப் புத்தகம் உண்டு, வானொலியில் நேயர் விருப்பம் உண்டு. ஆனால் இருண்ட மாடிப்படியில் உளவாளி ஒருவன் அடிமேல் அடிவைத்து ஏறுகையில், நம் நெஞ்சையும் அவனோடு ஏறச் செய்த அந்த வயலின்களுக்கு என்ன உண்டு? 'பின்னணி' என்றொரு பெயர் உண்டு. அப்பெயரிலேயே அவற்றின் இடமும் குறிக்கப்பட்டுவிட்டது: பின்னே நில்!

இக்கட்டுரை அத்தீர்ப்பை மறுக்கிறது. அதிலும், எவரும் வழக்காட முன்வராத ஒரு வகையை, அதாவது உளவாளிப் படங்களின் வாத்திய இசையை, முன்வைத்தே மறுக்கிறது. பக்திப் படத்தின் இசைக்கோ காவியப் படத்தின் இசைக்கோ பரிந்துபேசப் பலர் வருவர். துப்பாக்கியும் கருப்புக் கண்ணாடியும் வரும் படத்தின் இசைக்கு யார் வருவார்? கடைசி வரிசையில் நிற்பவனுக்கு நீதி கிடைத்தால் மற்றவர்க்கும் கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒட்டுப்படம் கற்பித்த பாடம்

"ஆமத்தூரில் இருந்துகொண்டு ஜேம்ஸ்பாண்டு படத்து இசையைப் பற்றி எழுதுவானேன்?" என்று வினவுவோர் உண்டு. ஆமத்தூரில் இருப்பதனாலேயே எழுதுகிறேன். இவ்வட்டாரத்தார் நன்கறிந்த வரலாறு ஒன்று இருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். தீப்பெட்டி வந்ததும், அதன்மேல் ஒட்டப் படம் வேண்டியதாயிற்று. படத்திற்காக அச்சகம் வந்தது. சிவகாசி அச்சு நகரமானது.

தீப்பெட்டியின் மேல் ஒட்டிய அப்படம் விற்பனைக்குரிய சரக்கன்று; சரக்கின் மேல் இருந்த ஒட்டு. குச்சி தீர்ந்ததும் குப்பைக்குப் போகவேண்டியது. ஆயினும் தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அதைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். உலகின் பல நாடுகளில் அறிவுடைப் பெரியோரும் சேர்த்தார்கள். இன்று அவ்வொட்டுப் படங்களைக் கொண்டு ஒரு காலத்தின் வண்ண உணர்வையும் வணிகத்தையும் மக்கள் விருப்பத்தையும் ஆராய்கிறார்கள். சரக்குக்குத் துணையாக வந்தது என்ற ஒரே காரணத்தால் ஒன்று கலையாகாமல் போவதில்லை என்பதைப் பல்கலைக்கழகம் கற்பிப்பதற்கு முன்பே சிவகாசித் தெருக்கள் நமக்குக் கற்பித்துவிட்டன. தீப்பெட்டிப் படத்துக்கு நாம் தந்த மதிப்பைத் திரைப்பட வாத்திய இசைக்குத் தர மறுப்பது எந்த நியாயத்தால்?

பாட்டில்லாத படம்

தமிழில் உளவாளிப் படத்தின் வரலாறு ஒரு வியப்போடு தொடங்குகிறது. 1954இல் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' பாடலே இல்லாத படம். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னைமீது குண்டு வீசிய நாளின் பின்னணியில், பகைவருக்கு இரகசியங்களை விற்ற ஒரு வானொலிப் பொறியாளனின் கொலையைத் துப்பறியும் கதை. கதை எழுதியவர் ஜாவர் சீதாராமன். இயக்கிய எஸ். பாலச்சந்தரோ வீணையில் பெரும்புகழ் ஈட்டிய வித்துவான். இசையில் ஊறிய ஒருவர் பாட்டை முற்றாக விலக்கிப் படமெடுத்தார் என்றால், இசையின் வேலை பாட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே பொருள்.

அப்படத்தின் பின்னணி இசையை வாசித்தது சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாத்தியக் குழு. சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்பது ஏவி. மெய்யப்பச் செட்டியார் கூட்டாளிகளுடன் நடத்திய இசைத்தட்டு நிறுவனம். நகைமுரணைக் காணுங்கள். இசைத்தட்டு விற்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய குழுவினர் வாசித்தார்கள். ஆனால் பாட்டு இல்லாததால், தட்டாக்கிக் கடைக்கு அனுப்ப அப்படத்தில் எதுவும் இல்லை. குழுவின் பெயர் நிலைத்தது. அக்குழுவில் வில்லெடுத்தவர் யார், குழல் ஊதியவர் யார்? வாத்தியக் குழு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அத்தனை பேரும் மறைந்துபோனார்கள்.

ஓசையன்று, கணக்கு

இவ்வகை இசை வெறும் ஆரவாரம் என்பாரே, அவர்கள் ஒருமுறையேனும் அதைப் பிரித்துப் பார்த்ததுண்டா? 1962இல் 'டாக்டர் நோ' படத்தில் முதன்முதல் ஒலித்த ஜேம்ஸ்பாண்டு இசையை எடுத்துக்கொள்வோம். அதன் அடித்தளம் நான்கே சுரங்கள். பஞ்சமத்தில் தொடங்கி, சுத்த தைவதத்திற்கு ஏறி, சதுசுருதி தைவதத்தைத் தொட்டு, மீண்டும் சுத்த தைவதத்திற்கு இறங்குகிறது. அரைச்சுரம் அரைச்சுரமாக ஒருவன் சுவரோரம் நகர்வது போன்ற நடை. கருநாடக இசையில் கீரவாணிக்கும் கௌரிமனோகரிக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு தைவதமே. இரண்டு தைவதங்களுக்கும் இடையே ஊசலாடுவதால், 'இவன் நல்லவனா, தீயவனா?' என்ற ஐயம் சொல்லின்றியே செவியில் ஏறிவிடுகிறது. இறுதியில் மீட்டப்படும் கூட்டொலியில், சாதாரண காந்தாரத்தோடு காகலி நிஷாதத்தை மோதவிடுகிறார்கள். கதை முடிந்தும் ஆபத்து முடியவில்லை என்பதை அந்த ஒரு மீட்டல் சொல்கிறது. இதற்குப் பெயர் இரைச்சலா?

1966இல் தொலைக்காட்சித் தொடராக வந்த 'மிஷன் இம்பாசிபிள்' இசையை அமைத்தவர் அர்ஜென்டினாவில் பிறந்த லாலோ ஷிஃப்ரின், 2025இல் மறைந்தார். ஓர் ஆவர்த்தனத்தின் பத்து அரை மாத்திரைகளை மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு என்று அவர் பகுத்தார். நம்மவர் கண்ட நடை என்று ஐந்தாக எண்ணுவதற்கு நெருங்கிய உறவு இது. நான்கு நான்காக நடந்து பழகிய மேலைநாட்டுக் காதுக்கு எங்கோ ஒரு படி குறைந்தது போன்ற தடுமாற்றம் பிறக்கிறது. 1965இல் 'இப்கிரஸ் ஃபைல்' படத்திற்கு ஜான் பாரி நம் சந்தூருக்கு உறவான சிம்பலம் என்ற தந்திக் கருவியை எடுத்தார். ஆரவாரமான பித்தளைக் கருவிகளை ஒதுக்கி, சோர்ந்துபோன ஓர் அரசு ஊழியனாகவே உளவாளியைக் காட்டினார்.

பட்டாசு வட்டாரத்தார்க்கு வேறொரு விதமாகவும் சொல்லலாம். வெடி என்பது ஒரு நொடி. கலை திரியில் இருக்கிறது. திரியின் நீளமே காத்திருப்பின் நீளம். உளவாளிப் படத்திற்கு இசையமைப்பவர் திரி அளப்பவர். எந்த வினாடியில் வயலின் நிற்கவேண்டும், எத்தனை வினாடி மௌனம் தாங்கும், எப்போது முரசு விழவேண்டும் என்பதைப் படச்சுருளோடு பொருத்தி அவர் கணக்கிடுகிறார். பாட்டுக்கு இசையமைப்பவர் நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். பின்னணி இசைக்காரருக்கோ பிறர் வெட்டித்தந்த நேரத்துக்குள் வாழவேண்டிய கட்டாயம். எது கடினம்?

இரவல் என்னும் குற்றச்சாட்டு

"எல்லாம் சரி, ஆனால் தமிழ்ப் படங்களில் வந்தது மேல்நாட்டு இரவல்தானே?" என்பது அடுத்த கணை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) ஆகிய படங்களில் ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்டாக உலாவந்தார். அவற்றுக்கு இசையமைத்த வேதா, பிறமொழி மெட்டுகளைத் தழுவித் தமிழ்ப் பாட்டமைத்தவர் என்பது ஊரறிந்த செய்தி. எம்.ஜி.ஆரின் 'ரகசிய போலீஸ் 115' (1968) எனும் தலைப்பே எங்கிருந்து எண்ணைப் பெற்றது என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் இரவல் என்ற சொல்லை வீசுமுன் ஒரு செய்தியைக் கேளுங்கள். ஜேம்ஸ்பாண்டு இசைக்கு உரிமையுடையவர் மாண்டி நார்மன். அதற்கு வாத்தியக் கோவை அமைத்தவர் ஜான் பாரி. நார்மன் அம்மெட்டை எங்கிருந்து எடுத்தார்? டிரினிடாட் தீவில் குடியேறிய இந்தியக் குடும்பத்தைப் பற்றி வி.எஸ். நைபால் 1961இல் வெளியிட்ட 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அதற்காகத் தாம் எழுதி, அரங்கேறாமல் போன ஒரு பாட்டிலிருந்தே அம்மெட்டை எடுத்ததாக நார்மன் கூறினார். உலகமே இங்கிலாந்தின் ஒலி என்று நம்பும் அவ்விசையின் வேரில், கடல்கடந்த இந்தியக் கூலிகளின் வழித்தோன்றல்களுக்காக எழுதிய மெட்டு கிடக்கிறது. இப்போது சொல்லுங்கள்: யார் யாரிடம் இரவல் பெற்றார்?

மெட்டு ஊர்விட்டு ஊர் போகும். அது அதன் இயல்பு. போன இடத்தில் அதை என்ன செய்தார்கள் என்பதே கேள்வி. 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973) படத்தில் மெல்லிசை மன்னர் விசுவநாதனும், 'விக்ரம்' (1986) படத்தில் இளையராஜாவும் செய்ததை இரவல் என்று ஒதுக்கமுடியுமா? 'விக்ரம்' கதையைச் சுஜாதா எழுதினார். களவுபோன ஏவுகணையைத் தேடும் உளவாளியின் கதை. மேலைநாட்டுக் குறிப்பு முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உரியதைத் தாமே தாளில் எழுதித் தரும் இளையராஜா, அப்படத்தில் மின்னணு ஒலியையும் வாத்தியக் குழுவையும் எதிரெதிரே நிறுத்தினார். இதை ஆராய்வதற்கு அப்படத்தின் பாடல்கள் மட்டும் போதா. முழு இசையும் வேண்டும்.

தாள் எங்கே போயிற்று?

இங்கேதான் வழக்கின் உயிர்நிலை இருக்கிறது. ஒரு படத்தின் ஒலி மூன்று இழைகளால் ஆனது: உரையாடல், இசை, பிற ஓசைகள். மூன்றும் கலந்து படச்சுருளில் ஏறியபின், தனி இழைகளைப் பாதுகாக்காவிடில் இசையைத் திரும்பப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அப்போது எஞ்சியிருக்கக்கூடியது ஒன்றே: கலைஞர்கள் பார்த்து வாசித்த இசைக்குறிப்புத் தாள். அத்தாளும் போய்விட்டால்?

அமெரிக்காவிலேயே அது நடந்தது. புகழ்பெற்ற எம்.ஜி.எம். நிறுவனம் 1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், இடம் அடைக்கிறது என்று தன் இசை நூலகத்துக் குறிப்புத் தாள்களைக் குப்பைமேட்டில் கொட்டிப் புதைத்துவிட்டது. பிற்காலத்தில் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேய இசை நடத்துநர், பழைய படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு கருவியின் குறிப்பையும் மறுபடி எழுதவேண்டியதாயிற்று. 2009இல் இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அவ்விசை மீண்டும் ஒலித்தபோது மக்கள் கொண்டாடினார்கள். அதே மண்டபத்தில் 2017இல் 'கசினோ ராயல்' படம் திரையில் ஓட, வாத்தியக் குழு நேரில் வாசித்தது. தாள் இருந்தால் இது ஆகும். தாள் இல்லையேல் பல ஆண்டு உழைப்பு வேண்டும்.

பழைய தாள் எங்கே போகும் என்று ஆமத்தூர்க்காரர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எடைக்குப் போட்ட செய்தித்தாளும் பரீட்சை நோட்டும் வெடிக்குழாயாகச் சுருண்டு, தீபாவளி இரவில் துகளாகிச் சிதறுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். காகிதத்திற்குத் தன் மதிப்பு தெரியாது. அதன் மதிப்பை அறிந்த மனிதன் அருகில் இருந்தாலன்றி எல்லாத் தாளும் எடைத் தாளே.

தமிழ்த் திரையுலகில் அத்தகைய மனிதன் ஏன் அருகில் இல்லை? சட்டமும் ஒரு காரணம். இசையமைப்பாளர் ஊதியம் பெற்றுப் படத்துக்கு எழுதிய இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்ற நிலைப்பாட்டை 1977இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. படைத்தவருக்கு உரிமைத் தொகையில் பங்கு வேண்டும் என்ற திருத்தம் 2012இல்தான் வந்தது. உரிமையுடையவருக்குத் தாளின் அருமை தெரியவில்லை. அருமை தெரிந்தவருக்குத் தாளின்மேல் உரிமையில்லை. இடையில் காலம் விழுங்கிவிட்டது.

ஆலயத்தில் கற்றவர்கள்

இது நமக்குத் தொடர்பற்ற செய்தி என்று எண்ணும் கத்தோலிக்க வாசகர் ஒன்றை நினைவுகூரட்டும். இந்தியத் திரையிசையில் குறிப்பு எழுதும் கலையைக் கொண்டுவந்தவர்களுள் பெரும்பகுதியினர் கோவாவிலிருந்து பம்பாய் சென்ற கத்தோலிக்கர். பங்குப் பள்ளிகளில் பாடகற்குழுவுக்காகவும் வழிபாட்டுக்காகவும் சுரம் படிக்கவும் வயலின் வாசிக்கவும் கற்றவர்கள். செபாஸ்தியன் டிசூசா சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையர்க்கு வாத்தியக் கோவை அமைத்தார். மஜோர்தா ஊரின் அந்தோணி கொன்சால்வஸ் ஆர்.டி. பர்மனுக்கும் பியாரேலாலுக்கும் வயலின் கற்பித்தார். 'அமர் அக்பர் அந்தோணி' (1977) படத்தின் நாயகர்களுள் ஒருவனுக்கு அவர் பெயர் வந்ததைக் கோடிக்கணக்கானோர் கேட்டுச் சிரித்தார்கள். அது ஒரு மாணவர் தம் ஆசிரியருக்குச் செலுத்திய நன்றி என்பதை அறிந்தவர் சிலரே. நியூசிலாந்தில் பணியாற்றும் ஆய்வாளர் கிரெகரி பூத் பம்பாய்க் கலைஞர்களை நேரில் கண்டு பேசி 2008இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பின்னரே அவர்களுள் பலருடைய பெயர்கள் நூலேறின.

சென்னைக்கு அப்படியொரு முழுமையான முயற்சி வேண்டாமா? மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் குறிப்பு படிக்கக் கற்றுச் சென்றோர் எத்தனை பேர்! இளையராஜா பெயர் பெற்றார். அவர் எழுதிய தாளைப் பார்த்து வாசித்த நூற்றுக்கணக்கானோர் பெயர் பெறவில்லை.

ஏழை ஊரும் இசையும்

"பிழைப்புக்கே உயிரைப் பணயம் வைக்கும் வட்டாரம் இது, முதலிப்பட்டி விபத்து (2012) போன்றவற்றைக் கண்ட மண்ணில் வாத்திய இசை ஆடம்பரமல்லவா?" என்பதே எதிர்வாதங்களுள் வலியது. இதைப் புறந்தள்ளேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். வானில் மலரும் வாணத்தைப் பார்த்துக் கைதட்டும் ஊர், குழாய் சுருட்டிய கையின் பெயரைக் கேட்பதில்லை. திரையில் நாயகனைப் பார்த்துக் கைதட்டும் ஊர், கால்ஷீட்டுக் கணக்கில் கூலி பெற்று வீடு திரும்பிய வயலின்காரரின் பெயரைக் கேட்பதில்லை. இரண்டும் ஒரே மறதி. பெயரற்ற உழைப்பைப் பெயரோடு நினைவுகூரக் கற்ற சமூகமே அவ்வுழைப்பாளியின் உயிருக்கும் விலை கேட்கும். ஆகவே இது ஆடம்பரத்தைப் பற்றிய பேச்சன்று.

சேகரிப்போருக்கும் ஒரு வார்த்தை

குற்றம் அலட்சியம் செய்வோரிடம் மட்டும் இல்லை. பெரும் பொருள் செலவிட்டு 'கோல்டுஃபிங்கர்' இசைத்தட்டின் முதற்பதிப்பை வரவழைத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பெருமைகொள்ளும் நம்மவரும் இருக்கிறார்கள். அந்த ரசனையைப் பழிக்கவில்லை. ஆனால், ஏற்கெனவே உலகம் காத்துவைத்ததை மேலும் ஒருமுறை காப்பது சேகரிப்பா, கொள்முதலா? பிரிட்டனைச் சேர்ந்த ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் இளையராஜாவின் பழைய திரைப்பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டாக வெளியிட்டது. நம் சரக்கின் அருமையை அயலார் சொல்லக் கேட்டுத் தலையசைத்தோம். அவர்களும் தொகுத்தது பெரும்பாலும் பாடல்களையே. வாத்திய இசை இன்னும் வாசலில் நிற்கிறது. அண்மைக் காலத்தில் சில புதிய படங்களின் பின்னணி இசை தனித் தொகுப்பாக வெளிவருவது நல்ல அடையாளம். பழையனவற்றுக்கு யார் பொறுப்பு?

பொறுப்பு நமக்கே. செய்யக்கூடியவை மூன்று சொல்வேன். முதலாவது, நம் பங்குகளிலும் ஊர்களிலும், ஒருகாலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்துத் திரும்பிய முதியோர் இருப்பின், அவர்களிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள்: எந்தப் படம், எந்த ஆண்டு, உடன் வாசித்தவர் யார். இரண்டாவது, பரணிலோ பெட்டியிலோ குறிப்புத் தாள் கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். 1994 முதல் சென்னையில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், 1964இல் புனேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் இருக்கின்றன; அங்கே கேட்டுப்பாருங்கள். கோட்டையூரில் தனியொருவர் பொறுக்கிச் சேர்த்த தாள்களே இன்று அந்நூலகமாக நிற்கின்றன என்பதை மறவாதீர். மூன்றாவது, நம் பாடகற்குழுவில் வயலினும் குழலும் பழகும் பிள்ளைகளுக்குத் தமிழ்த் திரைப்பட வாத்திய இசையில் ஒரு பகுதியையேனும் காதால் கேட்டுக் குறிப்பாக எழுதப் பயிற்சி கொடுங்கள். ஜான் வில்சன் செய்ததை நம் பிள்ளைகளும் செய்யமுடியும். 'அந்த நாள்' படத்திலிருந்தே தொடங்கலாம். உரையாடல் ஓய்ந்து இசை மட்டும் நிற்கும் இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாம்.

அவர்கள் எழுதும் முதல் தாளின் மேல், அறிந்த பெயர்களை எழுதட்டும். அறியாத பெயர்களுக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டுவைக்கட்டும். தேடுவோர் நிரப்புவதற்காக அவ்விடம் காத்திருக்கும்.